ரோல் சொதப்பிவிட்டதா? முதலில் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடியுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு 200 ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் வாங்கிக்கொள்ளும் என்பதற்கான எண்) கலர் ரோலைப் பற்றி நண்பர்களிடம் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டிருந்தேன். நிழலெல்லாம் சேறு மாதிரி, எங்கே பார்த்தாலும் கிரெயின் என்கிற மணல் மாதிரிப் புள்ளிகள், கறுப்பு என்று சொல்ல ஒரு இடம்கூட இல்லை. அதே வாரம் இன்னொரு கேமராவில் போட்ட 400 ரோல் பளிச்சென்று வந்திருந்தது. ஆகவே அந்த 200 மட்டம், இந்த 400 உசத்தி என்று முடிவு கட்டிவிட்டேன். மூன்று மாதம் கழித்து, மிச்சமிருந்த 200 ரோலை அந்த இரண்டாவது கேமராவில் போட்டபோதுதான் உண்மை தெரிந்தது. ஃபிலிமில் ஒரு குறையும் இல்லை. முதல் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டருக்கு 1.35 வோல்ட் வேண்டும். நான் கடையில் கிடைத்த 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டிருந்தேன்.

ஃபிலிமில் ஒரு படம் கெட்டால் சந்தேகப்பட நான்கு பேர் இருக்கிறார்கள்: கேமரா, ஃபிலிம், கழுவிய லேப், ஸ்கேனர். பரணில் கிடந்த கேமராவையும் இதுவரை போட்டுப் பார்க்காத ஃபிலிமையும் புது லேபையும் ஒரே ரோலில் சேர்த்துவிட்டால், அப்புறம் யாரையும் பிடிக்க முடியாது. தெரியாத கேமராவுக்குத் தெரிந்த ஃபிலிம், தெரியாத ஃபிலிமுக்குத் தெரிந்த கேமரா. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காலாவதியான ரோல் மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் கேமராவைச் சோதிக்கிறவர்கள் உண்டு. அந்தக் காசுக்கு டீ குடிக்கலாம்.

இன்னொன்று: நெகட்டிவை, அதாவது கழுவிய ஃபிலிமை, கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் ஃபைல் மட்டும் போதும் என்று நெகட்டிவை லேபிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை பாதிதான் பயன்படும். ஏனென்றால் நமக்குத் தேவையான சாட்சி ஃபிலிமின் ஓரத்தில்தான் இருக்கிறது. பல்சக்கர ஓட்டைகளை ஒட்டி ஃபிலிமின் பெயரும் ஃப்ரேம் எண்ணும் தெரிகின்றனவே, அவை தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதித்தவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. கழுவும்போதுதான் வெளியே வருகின்றன. ஆகவே எழுத்து அழுத்தமாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் குற்றம் கேமரா பக்கம். எழுத்தும் சேர்ந்து வெளிறியிருந்தால் கழுவியதில் கோளாறு, அல்லது ஃபிலிம் ரொம்பப் பழசு.

இனி ஒவ்வொரு அறிகுறியாகப் பார்ப்போம்.

முழு ரோலும் வெறுமை

நெகட்டிவ் வெளிர் ஆரஞ்சாகத் தெளிவாக இருக்கிறது, ஓர எழுத்து நன்றாகத் தெரிகிறது, படம் ஒன்றுகூட இல்லை. லேபைத் திட்டாதீர்கள். ஃபிலிமுக்கு வெளிச்சமே போகவில்லை. பெரும்பாலும் ஃபிலிமின் நாக்கு, சுற்றும் உருளையில் மாட்டாமல் நழுவியிருக்கும். நீங்கள் பாட்டுக்கு லீவரைத் தள்ள, எண்காட்டி பாட்டுக்கு 36 வரை ஓட, ஃபிலிம் டப்பாவுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கும். அடுத்த முறை பின்கதவை மூடியதும், திரும்பச் சுற்றும் கைப்பிடியை மெல்லத் திருப்பித் தளர்வை எடுத்துவிடுங்கள். அப்புறம் லீவரைத் தள்ளும்போது அந்தக் கைப்பிடி தானாக எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் திறந்து மறுபடி மாட்டுங்கள்.

கைப்பிடி சுழன்றும் வெறுமை என்றால் ஷட்டர் திறக்கவில்லை. லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் பழைய ரேஞ்ச்ஃபைண்டர்களில் (லென்ஸ் வழியாகப் பார்க்காமல், தனி ஜன்னலில் இரண்டு உருவத்தை ஒட்டவைத்து ஃபோகஸ் செய்யும் கேமராக்கள்) எண்ணெய் படிந்து இதழ்கள் ஒட்டிக்கொள்வது சகஜம். பின்கதவைத் திறந்து, கேமராவை ஜன்னல் பக்கம் பிடித்து, அழுத்திப் பாருங்கள். வெளிச்சம் ஒரு கணம் மின்ன வேண்டும். (மூடியைக் கழற்றாமல் ஒரு ரோல் முழுக்க எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் மூடி போட்டிருந்தாலும் வ்யூஃபைண்டரில் எல்லாம் தெரியும். நானும் எடுத்திருக்கிறேன்.)

ஓர எழுத்துகூட இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தால் ரசாயனத்தில் தப்பு. அல்லது கறுப்பு வெள்ளை ரோலைக் கலர் ரசாயனத்தில் விட்டிருக்கிறார்கள். சி-41 என்கிற கலர் கழுவும் முறையில் கடைசியில் வெள்ளி முழுவதையும் வெளியேற்றிவிட்டுச் சாயத்தை மட்டும் நிறுத்துவார்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளிதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக். வீட்டில் தாத்தா விட்டுப்போன இண்டு ரோல் கிடைத்தால் இதை நினைவில் வையுங்கள். உதகை ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் செய்த அந்தக் கறுப்பு வெள்ளை ரோல்களைக் கலர் மெஷினுக்குள் விட்டால் உள்ளே இருந்த படங்களும் போய்விடும். இல்ஃபோர்டு எக்ஸ்பி2 மாதிரி சி-41இலேயே கழுவ வேண்டிய கறுப்பு வெள்ளை ரோல்கள் விதிவிலக்கு, டப்பாவிலேயே எழுதியிருக்கும்.

முழு நெகட்டிவும் கறுப்பு, ஓரம் உட்பட? நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடம்தான் கறுக்கும். யாரோ பின்கதவைத் திறந்துவிட்டார்கள்.

நிழலில் சேறு, கிரெயின், வெளிறிய நெகட்டிவ்

பழைய கேமராக்களில் நான் அதிகம் பார்க்கும் நோய் இதுதான். ஓர எழுத்து சரியாக இருக்கிறது, படம் மட்டும் மெலிசாக இருக்கிறது. வெளிச்சம் போதவில்லை. ஸ்கேனர் இருட்டை இழுத்து மேலே கொண்டுவரப் பார்க்கும். அங்கே தகவல் இல்லாததால் பச்சையும் பழுப்பும் கலந்த சாம்பல் நிறமாகத் தெரியும்.

முதல் சந்தேகம் பேட்டரி. கேனனெட் கியூஎல்17 ஜி-III, மினோல்டா எஸ்ஆர்டி-101, ஒலிம்பஸ் 35 ஆர்சி போன்றவை 625 அளவு பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பேட்டரியின் பெருமையே, சாகும்வரை 1.35 வோல்ட்டிலேயே நிற்பதுதான். பாதரசத்துக்குத் தடை வந்தபின் அதே அளவில் அல்கலைன் கிடைக்கிறது. அது 1.5 வோல்ட்டில் ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கும். புதிதாகப் போட்டதும் முள் தேவைக்கு மேல் ஏறும். வெளிச்சம் நிறைய இருக்கிறது என்று கேமரா நம்பி அபெர்ச்சரையோ (லென்ஸின் துவாரம்) ஷட்டர் நேரத்தையோ குறைத்துவிடும். சிலவற்றில் இந்தத் தவறு ஒரு ஸ்டாப்பையும் (வெளிச்சம் இரட்டிப்பாவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்) தாண்டும். பேட்டரி தேயத் தேயத் தவறும் மாறிக்கொண்டே போகும். அதனால்தான் ஜனவரியில் எடுத்த ரோலும் ஏப்ரலில் எடுத்த ரோலும் வெவ்வேறு மாதிரி வருகின்றன.

இதற்கு மலிவான வைத்தியம், காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 பேட்டரி. ஜிங்க் ஏர் வகை. சுமார் 1.4 வோல்ட்டில் நிலையாக நிற்கும். விட்டம் சின்னது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டால் பொருந்தும். மேலே உள்ள ஸ்டிக்கரைக் கிழித்ததும் காற்று உள்ளே போய் வேலை ஆரம்பிக்கும். அதிலிருந்து சில வாரங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு மாதம். ரோல் போடும் அன்று கிழியுங்கள். எல்லாப் பழைய கேமராவுக்கும் இது தேவையில்லை. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கின் சுற்று வோல்ட் மாறினாலும் பெரிதாகக் கலங்காது. யாஷிகா எலக்ட்ரோ 35க்கு 5.6 வோல்ட் பாதரச பேட்டரி போட வேண்டும் என்று இருக்கும். அடாப்டர் வைத்து 6 வோல்ட் போட்டாலும் சமாளிக்கும். பென்டாக்ஸ் கே1000க்குச் சாதாரண எல்ஆர்44 போதும், ஆனால் அதன் மீட்டருக்கு அணைக்கும் பொத்தானே கிடையாது. மூடி போட்டு வைக்காவிட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஒலிம்பஸ் ட்ரிப் 35, ஜெனிட்-இ மாதிரி, வெளிச்சத்திலிருந்து தானே மின்சாரம் எடுக்கும் செலினியம் தகடு வைத்தவற்றில் பேட்டரியே இல்லை. தகடு வருடக்கணக்கில் சோர்ந்துபோகும். ட்ரிப்பில் ஒரு சோதனை எளிது: அபெர்ச்சர் வளையத்தை ஏ-யில் (தானியங்கி) வைத்து, லென்ஸைக் கையால் மூடி அழுத்துங்கள். வ்யூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பிப் பொத்தான் இறங்காமல் நிற்க வேண்டும். வெயிலில் பிடித்தால் கொடி வராமல் க்ளிக் ஆக வேண்டும். வெயிலிலும் கொடி வந்தால் தகடு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மீட்டரைச் சரிபார்க்க ரோல் செலவழிக்க வேண்டாம். நம் ஊர் நண்பகல் வெயிலே போதும். தெளிந்த வானம், நேர் வெயில், 200 ஐஎஸ்ஓ என்று வைத்தால் எஃப் 16 என்கிற சின்னத் துவாரத்தில் 1/250 வினாடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். அதோடு நிறுத்தாதீர்கள். வராந்தா நிழல், அறைக்குள் ஜன்னல் ஓரம், ராத்திரி விளக்கு என்று மூன்று நான்கு அளவு வெளிச்சத்தில் ஃபோனில் உள்ள மீட்டர் ஆப்போடு ஒப்பிடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஒரு ஸ்டாப் கூடவோ குறையவோ காட்டினால் நல்ல செய்தி. ஐஎஸ்ஓ எண்ணை அதற்கேற்ப மாற்றி வைத்துவிட்டு மறந்துவிடலாம். வெயிலில் சரி, நிழலில் இரண்டு ஸ்டாப் தப்பு என்றால் அந்த மீட்டரை நம்பாதீர்கள்.

தானியங்கிச் சின்னக் கேமராக்களில் வேறு வழி. டப்பா மேல் இருக்கும் வெள்ளியும் கறுப்புமான சதுரங்கள்தான் 1983இல் வந்த டிஎக்ஸ் குறி. கேமராவுக்குள் இருக்கும் ஊசிகள் அதைத் தொட்டு ஐஎஸ்ஓவை அறிகின்றன. ஊசியில் களிம்பு பிடித்தால் கேமரா தானாக ஒரு ஐஎஸ்ஓவை எடுத்துக்கொள்ளும். அழிரப்பரால் தேய்த்துத் துடையுங்கள்.

செக்கச் சிவந்த கீற்று, ஆரஞ்சுப் புகை

ஒளிக்கசிவு. சிலர் இதை அழகு என்று சொல்லிப் பதிவேற்றுகிறார்கள். இருக்கட்டும், கேமரா சோதனையில் இது நோய்.

ஏன் சிவப்பு? கலர் ஃபிலிமில் லென்ஸ் பக்கம் மேலாக இருப்பது நீலத்துக்கான அடுக்கு, அதன்கீழ் பச்சைக்கானது, பிளாஸ்டிக்கை ஒட்டிக் கடைசியில் சிவப்புக்கானது. பின்கதவு வழியாக வரும் வெளிச்சம் பிளாஸ்டிக்கைத் துளைத்து முதலில் சிவப்பு அடுக்கைத்தான் தாக்கும். ஆகவே ஆரஞ்சும் சிவப்புமாகக் கசிந்திருந்தால் பின்பக்கம் ஓட்டை. வெள்ளையாக, லேசான மஞ்சளாக இருந்தால் முன்பக்கம்: லென்ஸ் மாட்டும் இடம், பெல்லோஸ், அல்லது ஷட்டர் துணி. நிறத்தைப் பார்த்தே பாதி விசாரணை முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதிக்கு நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள். கறை ஃப்ரேமைத் தாண்டிப் பல்சக்கர ஓட்டைவரை போயிருக்கிறதா? அப்படியென்றால் கதவோ டப்பாவோ. ஃப்ரேமுக்குள்ளேயே கச்சிதமாக நிற்கிறதா? அது ஷட்டருக்கு முன்னால் நடந்தது. எந்த மூலை என்று தேடும்போது இன்னொன்றை மறக்காதீர்கள்: லென்ஸ் படத்தைத் தலைகீழாகவும் இடம் வலம் மாற்றியும் போடுகிறது. கதவின் கீல், பின்னாலிருந்து பார்த்தால் பெரும்பாலும் வலப்பக்கம். அங்கே புகுந்த வெளிச்சம் படத்தில் இடது ஓரத்தில் தெரியும். கேமராவின் மேற்பக்கக் கசிவு படத்தின் கீழே தெரியும். இது தெரியாமல் தப்பான பக்கத்தை நான் இரண்டு முறை அடைத்திருக்கிறேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த ஜப்பான் கேமராக்களின் கதவில் ஒட்டியிருந்த ஃபோம் இப்போது தார் மாதிரி ஆகியிருக்கும். விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டும். பல்குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். துகள் ஷட்டர் துணியில் விழாமல் ஒரு காகிதத்தை மேலே வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய பள்ளங்களுக்குக் கறுப்புக் கம்பளி நூல் போதும், கீல் பக்கத்துக்கு மட்டும் வெல்வெட் பட்டையோ புது ஃபோமோ வேண்டும். எஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகவே காட்டும் கேமரா) என்றால் கண்ணாடி வந்து இடிக்கும் இடத்திலும் ஒரு ஃபோம் பட்டை இருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

ஃபோமை மாற்றியும் கசிகிறதா? அடுத்த ரோலின் முதல் பாதியை அப்படியே எடுங்கள். மறுபாதிக்குக் கதவின் இடுக்குகளைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவிட்டு எடுங்கள். எங்கே கசிவு நின்றது என்று பார்த்தால் போதும்.

ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரே இடத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு இருந்தால் துணி ஷட்டரில் ஊசி ஓட்டை. ஃபெட், ஜோர்க்கி போன்ற சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர்களை மூடி இல்லாமல் வெயிலில் வைத்தால், லென்ஸ் பூதக்கண்ணாடியாக மாறித் துணியைச் சுட்டுவிடும். இருட்டறையில் லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். கறுப்புத் துணிச் சாயத்தை மெல்லிசாகத் தடவி அடைக்கலாம். அந்தக் கேமராக்களில் இன்னொன்று: ஷட்டர் வேகத்தை லீவர் தள்ளிய பிறகே மாற்ற வேண்டும். முன்னாலேயே திருகினால் உள்ளே ஏதாவது முறியும்.

படத்தின் ஒரு ஓரம் மட்டும் இருட்டு

வெயிலில் 1/1000 வைத்து எடுத்த படங்களில் மட்டும் ஒரு பக்கம் இருண்டிருக்கிறது, 1/125இல் சரியாக இருக்கிறது. ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. அதிவேகத்தில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஒரு பிளவுதான் ஃபிலிமைக் கடக்கும். முதல் திரை பழைய எண்ணெயில் தயங்கினால் இரண்டாவது அதை எட்டிப் பிடித்துவிடும், பிளவு மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் ஓடும் துணித் திரை என்றால் இடமோ வலமோ இருட்டு. மேலிருந்து கீழ் ஓடும் உலோகத் திரை என்றால் மேலோ கீழோ. ஃபிலிம் இல்லாமல் நாற்பது ஐம்பது தடவை அழுத்தினால் சில கேமராக்கள் தூக்கம் கலைந்து சரியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சரியாகாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. 200 ஐஎஸ்ஓவும் எஃப் 11உம் வைத்தால் நண்பகலில்கூட 1/500 போதும்.

ஃப்ளாஷ் போட்ட படங்களில் மட்டும் பாதி கறுப்பா? ஷட்டர் நல்லபடியாகத்தான் இருக்கிறது. துணித் திரைக் கேமராக்களில் பெரும்பாலும் 1/60தான் ஃப்ளாஷ் எல்லை, நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். லென்ஸ் ஷட்டர் கேமராவில் எம், எக்ஸ் என்று ஒரு சின்ன லீவர் இருந்தால் எக்ஸில் வையுங்கள். எம் பழைய பல்புகளுக்கானது.

மெதுவான வேகங்களை ஃபோனாலேயே அளக்கலாம். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வெளிச்சமான சுவருக்கு எதிரே பிடித்து, வினாடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் ஃப்ரேம்களை எண்ணுங்கள். ஒரு வினாடிக்கு 240, அரை வினாடிக்கு 120, 1/8க்கு 30, 1/30க்கு 8 வர வேண்டும். 1/60க்கு மேல் இந்த முறை செல்லாது. 1/1000 என்று எழுதியிருப்பது உண்மையில் 1/500ஆக ஓடினாலும் கலர் நெகட்டிவில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தை அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவாக இல்லாமல் நேராகப் படமாகவே வருவது) விழுங்காது, உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த விலைக்கு ஷட்டர் டெஸ்டரே வாங்கலாம்.

கேனன் ஏஇ-1 அழுத்தும்போது இருமுவது போல, கீச்சிடுவது போல ஒரு சத்தம் வரும். கண்ணாடியின் வேகத்தைத் தணிக்கும் சக்கரங்களில் எண்ணெய் வற்றியிருக்கிறது. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், ஒரு சொட்டு எண்ணெய்தான் வேலை. நிக்கான் எஃப்இயின் கண்ணாடி மேலேயே நின்றுவிட்டால் பதற வேண்டாம், பேட்டரி தீர்ந்திருக்கும். ஷட்டர் வேக வளையத்தை எம்90க்குத் திருப்பினால் இறங்கிவிடும்.

எஃப் 16இல் எடுத்த படங்கள் மட்டும் வெளுத்துப் போகின்றன

அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய். திறந்த நிலையில் எல்லாம் சரியாக இருக்கும். எஃப் 16 வைத்து அழுத்தும்போது இதழ்கள் சுருங்கி முடிப்பதற்குள் ஷட்டர் ஓடிவிடும், வெளிச்சம் அதிகமாகப் புகுந்துவிடும். லென்ஸைக் கழற்றிப் பின்னால் உள்ள சின்ன நெம்பைச் சுண்டிப் பாருங்கள். சட்டென்று சுருங்கி விரிய வேண்டும். சோம்பேறித்தனமாக நகர்ந்தால் லென்ஸைப் பிரித்துத் துடைக்க வேண்டியதுதான்.

எதுவும் கூர்மையாக இல்லை

முன்னால் நிற்கிறவர் மங்கல், பின்னால் இருக்கும் சுவர் கூர்மை என்றால் ஃபோகஸ் தவறு. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம், அதற்குக் கேமரா பொறுப்பில்லை.

ஃபோகஸ் தவறைக் கண்டுபிடிக்க ஃபிலிம் வேண்டாம், ட்ரேசிங் பேப்பர் போதும். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் தண்டவாளத்தின் மேல் விறைப்பாக ஒட்டி, ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து பிடித்து, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, தொலைவில் ஒரு செல்ஃபோன் கோபுரத்தைப் பாருங்கள். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது காகிதத்தில் கோபுரம் கூர்மையாக இருக்கிறது, ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு உருவமும் ஒட்டவில்லை என்றால், ரேஞ்ச்ஃபைண்டர் விலகியிருக்கிறது. பல கேமராக்களில் ஒரு திருகாணி வேலைதான். இரண்டும் ஒத்துப்போய், படம் மட்டும் மங்கல் என்றால் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தட்டைப் பாருங்கள், ஸ்பிரிங் செத்திருக்கும்.

எல்லாப் படத்திலும் பால் ஊற்றியது போல

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை, ஆவி படிந்தது போலிருந்தால் புகைமூட்டம். கடலோர ஊர்களில் துணிப் பையில் வைத்த எந்த லென்ஸும் இதற்குத் தப்பாது. ஓரத்தில் ஒன்றிரண்டு இழை இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் வெளிச்சத்தை நோக்கி எடுக்கும்போது மாறுபாடு (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம்) செத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், தோல் உறையில் வைக்காதீர்கள்.

நிறம் தப்பாக இருக்கிறது

டியூப்லைட்டுக்கு அடியில் பச்சை, குண்டு பல்புக்கு அடியில் ஆரஞ்சு. இது பழுதில்லை, பகல் ஃபிலிமின் இயல்பு. சினிஸ்டில் 800டி வெயிலில் நீலமாக வருவதும் அப்படித்தான். அது 3200 கெல்வின், அதாவது மஞ்சள் விளக்குக்கானது, வெயிலுக்கு 85பி என்கிற ஆரஞ்சு ஃபில்டர் போட வேண்டும். விளக்குகளைச் சுற்றி அது காட்டும் சிவப்பு வளையமும் பழுதில்லை. கோடாக் விஷன்3 500டி சினிமா ஃபிலிமின் முதுகில் இருந்த கரிப்பூச்சை நீக்கிவிட்டு அதை விற்கிறார்கள். பிரதிபலிப்பைத் தடுத்துவந்த பூச்சு இல்லாததால் வெளிச்சம் திரும்பி வந்து சிவப்பு அடுக்கைத் தொடுகிறது. அந்தப் பூச்சு இன்னும் இருக்கும் சினிமா ரோலைச் சுற்றி வைத்து விற்றால், வாங்கி சாதாரண லேபில் கொடுத்துவிடாதீர்கள். கரி அவர்கள் ரசாயனத்தில் கலந்து மற்றவர்கள் ரோலும் கெடும்.

முழு ரோலும் மாறுபாடு இழந்து, ஒரு பக்கம் சாய்ந்த நிறத்தில், நெகட்டிவின் அடிநிறமே கனத்துத் தெரிந்தால் வெப்பமோ வயதோ. மே மாதம் கார் டேஷ்போர்டில் ஒரு மதியம் கிடந்தால் போதும். ஃப்ரிட்ஜில் வைக்கிறவர்கள் எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காதீர்கள், ஒரு மணி நேரம் வெளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஃபிலிம் வியர்த்துவிடும். விமானநிலையத்தில் புதிதாக வந்திருக்கும் சிடி ஸ்கேனருக்குள் (பல கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கும் மெஷின்) போன ரோலும் இப்படிக் கனத்து வரும். 800 ஐஎஸ்ஓவுக்குக் கீழே என்றால் பரவாயில்லை என்ற பழைய பேச்சு அதற்குப் பொருந்தாது. கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். செக்-இன் பெட்டியில் போடவே போடாதீர்கள்.

ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. ஏழு கண்ணாடி கொண்ட சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 போன்ற சில பழைய லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. காலப்போக்கில் அது டீ நிறத்துக்குப் போய்விடும். கலர் நெகட்டிவில் ஸ்கேனர் அந்த மஞ்சளைத் திருத்திவிடுவதால் பலருக்குத் தெரிவதே இல்லை, ஸ்லைடில் தெரியும். வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில வாரம் ஜன்னல் வெயிலிலோ புற ஊதா விளக்கின் கீழோ வைத்தால் தெளிந்துவிடும்.

இரண்டு ஃபிலிமை ஒப்பிட்டேன், ஒன்றும் புரியவில்லை

மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேறிய கேமராவில்தான் இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டும். அப்படி ஆரம்பித்தும் இரண்டு விதமான புகார் வரும்.

முதல் புகார்: ஒரே ஃபிலிம், இரண்டு லேபில் கொடுத்தால் இரண்டு நிறம். நீங்கள் ஒப்பிட்டது ஃபிலிமை இல்லை, ஸ்கேனரை. ஃபுஜி ஃப்ரான்டியரும் நோரிட்சுவும் ஒரே நெகட்டிவை வேறுவேறு மாதிரி படிக்கும். அதற்கும் மேலே மெஷினில் உட்கார்ந்திருப்பவர் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பொத்தானை அழுத்தி நிறத்தைத் திருத்துவார். இரண்டு ஸ்டாப் கூடுதலாக எடுத்ததும் சரியாக எடுத்ததும் ஒரே மாதிரி வந்தால் அவர் நன்றாக வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் சோதனை மட்டும் வீண்.

ஆகவே இரண்டு ரோலையும் ஒரே நாளில், ஒரே லேபில் கழுவி, திருத்தம் எதுவும் போடாமல் ஒரே உட்காரலில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். வீட்டில் டிஜிட்டல் கேமராவால் நெகட்டிவைப் படம் பிடிப்பதென்றால் எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிடுங்கள். ஒவ்வொரு காட்சியின் முதல் ஃப்ரேமிலும் ஒரு சாம்பல் அட்டை இருக்கட்டும்.

36 ஃப்ரேம் என்பது ஆறு காட்சி, காட்சிக்கு ஆறு எக்ஸ்போஷர்: இரண்டு குறைவு, ஒன்று குறைவு, சரி, ஒன்று கூட, இரண்டு கூட, மூன்று கூட. காட்சிகளில் ஒன்றில் வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும் வெயிலில் சேர்ந்து இருக்க வேண்டும். இதைவிடக் கடினமான பரீட்சை எந்த வண்ண அட்டையிலும் இல்லை. என் கண்ணுக்கு எக்டார் 100 நம் தோலை நண்பகலில் செங்கல் பக்கம் தள்ளுகிறது, குறைவாக எடுத்தால் நிழலில் நீலம் ஏறுகிறது. போர்ட்ரா 400 இரண்டு ஸ்டாப் கூட வாங்கிக்கொண்டும் வேட்டியின் மடிப்பைக் காட்டுகிறது. கோல்டு 200 சாயங்காலத்தில் அழகு, மேகமூட்டத்தில் மஞ்சள் கொஞ்சம் தூக்கல். 2023 கடைசியில் வந்த ஹார்மன் ஃபீனிக்ஸ் 200இல் வழக்கமான ஆரஞ்சு அடிநிறமே இல்லை. அதை மற்ற ரோல்களின் அமைப்பிலேயே ஸ்கேன் செய்தால் கன்னாபின்னாவென்று வரும், அதை ஃபிலிமின் குணம் என்று எழுதிவிடாதீர்கள்.

ஒரே கேமராவில் இரண்டு ஃபிலிமையும் ஒரே வெளிச்சத்தில் எடுக்க ஒரு வழி இருக்கிறது. முதல் ரோலில் 12 எடுத்ததும் நாக்கு வெளியே நிற்கும்படி திரும்பச் சுற்றிவிடுங்கள். டப்பா மேல் 12 என்று எழுதுங்கள். இரண்டாவதைப் போட்டு அதே காட்சிகளை எடுங்கள். அப்புறம் முதல் ரோலை மறுபடி மாட்டி, மூடி போட்டு, அதிவேகத்தில், எஃப் 16இல், 14 தடவை வெறுமனே அழுத்திக் கடந்துவிட்டுத் தொடருங்கள். இரண்டு ஃப்ரேம் வீணாகும், படம் மேல் படம் விழாது.

இரண்டாவது புகார்: இரண்டு வேறு பெட்டி, ஆனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சோதனை சரியாகத்தான் நடந்திருக்கும். ஃபிலிம் பூசும் ஆலைகள் உலகத்தில் மிகக் கொஞ்சம், பெட்டிகள் நிறைய. சமீப வருடங்களில் வரும் ஃபுஜிஃபிலிம் 200இன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்: அமெரிக்கத் தயாரிப்பு என்று இருந்தால், அதன் விவரத்தாளை கோடாக் கோல்டு 200இன் விவரத்தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள். வளைகோடுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். அப்புறம் எது மலிவோ அதை வாங்குங்கள்.